நாலு மணி நேர ஆட்டத்துக்கு 24 மணி நேர சர்வரா? வீடும் வாடகையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். கூடப் படித்த 12 பேர். ஐந்து பேர் மதுரையில், மூன்று பேர் சென்னையில், இருவர் பெங்களூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கொழும்பில். ஆட்டம் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, 1.21 வரிசை. சர்வர் மென்பொருள் பேப்பர். இருவரிடம் கணினி கிடையாது, போனிலிருந்து கீசர் (போன் பதிப்பை ஜாவா சர்வரோடு இணைக்கும் துணை நிரல்) வழியாக வருவார்கள். இரவு 8 முதல் 12 வரை ஆட்டம். மாதத்துக்கு 120 மணி நேரம். மதுரை வீட்டில் ஒரு பெட்டியை வைத்து ஓட்டுவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதுதான் கேள்வி. ஆட்கள், ஊர்கள், பழைய பொருட்களின் விலை, டாலருக்கு 90 ரூபாய் என்ற மதிப்பு எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பேச்சு எப்போதும் விலையில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வெளியிலிருந்து வரும் இணைப்பு அந்த வீட்டுக்குள் நுழையுமா? நுழையாது என்றால் ராம் எத்தனை ஜிபி என்று பேசி என்ன ஆகப்போகிறது.

வாசல் இருக்கிறதா?

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1) 'வான்' (வெளி இணைப்பு) நிலை காட்டும் இடத்தில் உள்ள ஐபி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் வரும் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் பொது ஐபி உங்கள் கையில் இருக்கிறது. ரூட்டரில் இருக்கும் எண் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் 'சிஜி-நாட்' என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இதற்கென்றே 2012-இல் ஒதுக்கிய எண்வரிசை அது. ஐபிவி4 எண்கள் தட்டுப்பாடு ஆனதால் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் அடைத்து வைக்கிறது. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் இதே நிலைதான். இந்த நிலையில் வீட்டு ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கணினிக்குத் திருப்பும் விதி) போட்டாலும் பயனில்லை. எண்ணை மாற்றித் தரும் பெட்டி நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறது. அதில் விதி எழுத உங்களால் முடியாது.

192.168 என்று தொடங்கினால் அது வேறு சிக்கல். ஃபைபரை முடித்துத் தரும் பெட்டியே ரூட்டர் வேலையும் பார்க்கிறது, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரூட்டர் இரண்டாவது முறை முகவரியை மாற்றுகிறது. முதல் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டு வெறுமனே கடத்தும் முறை) மாற்றச் சொல்லி நிறுவனத்தை அழைக்கலாம். அது நடக்காவிட்டால் இரண்டு பெட்டியிலும் ஃபார்வர்டு எழுத வேண்டும்.

பொது ஐபி இருந்தால் மீதி சுலபம். சர்வர் பெட்டிக்கு ரூட்டரில் ஒரு நிலையான உள்முகவரி ஒதுக்கி, 25565 டிசிபி போர்ட்டை அங்கே திருப்ப வேண்டும். போன்காரர்களுக்கு 19132 யுடிபி தனியாக வேண்டும். முதலாவதை மட்டும் திறந்துவிட்டு 'கம்ப்யூட்டரில் வருது, போனில் வரலை' என்று அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இங்கே வழக்கமாக நடப்பது. இன்னொன்று: வீட்டுக்குள் இருந்தபடியே பொது முகவரியைப் போட்டுச் சோதிக்காதீர்கள். உள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய் மீண்டும் உள்ளே திரும்பும் வசதி பல ரூட்டர்களில் இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு கிடைக்காது. போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

ஐபிவி6 என்று ஒரு வழி உண்டு. ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது; உங்கள் பெட்டிக்கு நேரடியான பொது எண் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஆடும் 12 பேருக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும். ஹாஸ்டல் வைஃபையிலும் அலுவலக நெட்டிலும் பெரும்பாலும் அது கிடைக்காது. ரூட்டரின் தீச்சுவரில் (ஃபயர்வால்) அந்த எண்ணுக்குத் தனி அனுமதி தர வேண்டும், இணைப்பு விழுந்து எழும்போது எண்ணின் முன்பகுதி மாறவும் கூடும். 12 பேரில் 11 பேர் உள்ளே வந்து ஒருவர் மட்டும் வெளியே நிற்கும் சர்வர் ஒரு வாரம்கூடத் தாங்காது. நிறுவனம் நிலையான ஐபி தருகிறதா, மாதம் எவ்வளவு என்று கேட்டுவிடுவது இதைவிட நேரான வழி.

பெட்டி

சர்வர் வாடகை விளம்பரங்கள் எல்லாம் ராமைத்தான் முன்னால் நிறுத்தும்: 4 ஜிபி, 8 ஜிபி, 16 ஜிபி. மைன்கிராஃப்ட் சர்வர் திணறுவது பெரும்பாலும் ராமில் அல்ல. அதன் இதயத்துடிப்பு நொடிக்கு 20 டிக்; ஒவ்வொரு டிக்குக்கும் 50 மில்லிநொடி அவகாசம். அந்த வேலையின் பெரும்பகுதி ஒரே திரெட்டில், அதாவது ஒரே கோரில் நடக்கிறது. எட்டு மெதுவான கோர்களைவிட இரண்டு வேகமான கோர்கள் மேல். டிக் 50 மில்லிநொடியைத் தாண்டினால் மாடு பின்னால் இழுபடும், உடைத்த கல் மீண்டும் முளைக்கும், சர்வரின் பதிவுக் கோப்பான லாக்கில் 'கான்ட் கீப் அப்' என்ற வரி வரிசையாக விழும். ஸ்பார்க் என்ற பிளகினை (துணை நிரல்) வைத்து டிக்குக்கு எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று பாருங்கள். ஆள் நிறைந்த இரவில் 35-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 45-ஐத் தொட்டால் அடுத்த கோழிப்பண்ணையோடு விழுந்துவிடும்.

வீட்டுக்கு ஏற்றது அலுவலகங்களிலிருந்து கழித்துவிடும் கையடக்க மினி பிசி. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்றவை. சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் கடைகளிலேயே இவையும் கிடைக்கும். இன்டெல் ஐ5-8500டி உள்ள ஒன்று 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும். செயலியின் வெப்ப வரம்பு 35 வாட். 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம். இரண்டு பேர் எதிரெதிர் திசையில் பறந்தாலே, சங்க்குகளை (16-க்கு 16 கட்ட நிலத்துண்டுகள்) எடுத்துத் தர முடியாமல் அது மூச்சு வாங்கும். வாங்கும்போது மூடியைத் திறந்து விசிறியைப் பாருங்கள். தூசி அடைத்த மினி பிசியை மதுரை மே மாதத்தில் டிவி அலமாரிக்குள் வைத்தால், செயலி சூட்டுக்குப் பயந்து தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு 'ராம் பத்தலையோ' என்ற தேவையில்லாத சந்தேகம் கிளம்பும்.

அமைப்புகளில் கை வைக்க வேண்டிய இடம் இரண்டு. வியூ-டிஸ்டன்ஸ், சிமுலேஷன்-டிஸ்டன்ஸ் இரண்டும் இயல்பாக 10. பத்து என்றால் ஓர் ஆட்டக்காரரைச் சுற்றி 21-க்கு 21, மொத்தம் 441 சங்க். 12 பேரும் ஆளுக்கொரு திசையில் இருந்தால் 5,292 சங்க்கில் பயிர் வளர வேண்டும், மிருகம் நடக்க வேண்டும், ரெட்ஸ்டோன் இயந்திரம் ஓட வேண்டும். சிமுலேஷனை 5 ஆக்கினால் ஆளுக்கு 121, மொத்தம் 1,452. கண்ணுக்குத் தெரியும் தூரத்தை 8-இல் வைத்தால் பெரிய குறை ஒன்றும் தெரியாது. எந்த வாடகைத் திட்டத்தை மேலே ஏற்றினாலும் இந்த ஒரு வரி மாற்றத்தின் பலன் அவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

அடுத்தது முன்கூட்டியே நிலம் உருவாக்குவது. புதிய நிலத்தை உருவாக்குவதுதான் சர்வருக்கு இருப்பதிலேயே கனமான வேலை. சங்கி என்ற பிளகினில் ஆரம் 5,000 என்று கொடுத்தால் 625-க்கு 625, ஏறத்தாழ 3,90,000 சங்க். நொடிக்கு 50 வீதம் போனால் 2 மணி 10 நிமிடம். யாரும் ஆடாத பகல் நேரத்தில் ஓடவிட்டு, உலக எல்லையை 10,000 என்று போட்டுவிட்டால் எலிட்ரா சிறகில் பறப்பவர் மற்ற 11 பேரைப் படுத்த மாட்டார்.

ஜாவாவுக்கு எவ்வளவு கொடுப்பது? இந்தக் குழுவுக்கு 6 ஜிபி. 8 ஜிபி வாடகை சர்வரில் 8-ஐயும் அப்படியே கொடுப்பதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. ஜாவா, ஹீப்புக்கு (நீங்கள் ஒதுக்கிக் கொடுத்த நினைவகம்) வெளியிலும் நினைவகம் எடுக்கும், லினக்ஸுக்கும் கொஞ்சம் வேண்டும். இரவு 10 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே விழுவார்கள். லாக்கைத் திறந்தால் கிராஷ் அறிக்கை எதுவும் இருக்காது. ஒரு வரி பாதியில் நிற்கும், அவ்வளவுதான். வாடகைப் பேனலில் 137 என்ற வெளியேறு எண் மட்டும் தெரியும். நினைவகம் போதாமல் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சர்வர் நிரலைக் கொன்றதன் அடையாளம் அது. பலர் இதைப் பிளகின் கோளாறு என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

(வால்ஹைம், பால்வேர்ல்டு ஆடுகிறவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. பால்வேர்ல்டு சர்வருக்கு 16 ஜிபி பரிந்துரை, போர்ட் 8211 யுடிபி. ராம்தான் விலையைத் தீர்மானிக்கும் ஆட்டம் அது.)

கரண்ட்

மினி பிசி சராசரியாக 20 வாட் எடுக்கும் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 28.8 யூனிட். அதே வேலைக்கு மூலையில் கிடக்கும் பழைய கேமிங் டெஸ்க்டாப்பை எடுத்து, அது 90 வாட் இழுத்தால் 129.6 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் முதலாவதுக்கு 173 ரூபாய், இரண்டாவதுக்கு 778. தமிழ்நாட்டில் இதைத் தனியாகக் கணக்கிடவும் முடியாது. முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும் அதை வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே தின்றிருக்கும். சர்வர் எடுப்பது எப்போதும் மேல்படியில்தான் ஏறும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை விலையும் போய்விடும். 480-இல் நிற்கும் வீட்டில் டெஸ்க்டாப் சர்வரை வைப்பது அதனால்தான் எதிர்பாராத பில்லாக வந்து நிற்கிறது.

பில்லைவிடப் பெரிய தொல்லை கரண்ட் போவது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மதியம் வரை நிறுத்துவது பெரும்பாலும் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். அந்த நேரத்தில் யாரும் ஆடுவதுமில்லை. ஒரு விநாடி போய் வரும் இரவு மின்சாரம்தான் உலகத்தைக் கெடுக்கும். சர்வர் ஒரு பகுதிக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால், திரும்பி வரும்போது வீடு இருந்த இடத்தில் சதுரமாக வெட்டி எடுத்ததுபோல் புது நிலம் முளைத்திருக்கலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறத்தில் ஒரு சின்ன சுவிட்சைப் பாருங்கள்: பல மாடல்களில் யுபிஎஸ் முறை, சாதாரண முறை என்று இரண்டு இருக்கும். சாதாரண முறையில் மாறும் நேரம் அதிகம். ஃபேனுக்கு அது தெரியாது, கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். சுவிட்ச் யுபிஎஸ் பக்கம் இருந்தால் 150 ஏஎச் பேட்டரிக்கு 40 வாட் ஒரு பொருட்டே இல்லை. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கலாம். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, காகிதத்தில் 84 வாட்-மணி. மாற்றும் இழப்பும் பேட்டரியின் வயதும் போக அரை மணி நேரம் தாங்கினால் போதும் என்று வையுங்கள். ஃபைபர் பெட்டியையும் ரூட்டரையும் அதிலேயே சேர்க்க மறக்கக் கூடாது. சர்வர் உயிரோடு இருந்து நெட் செத்தால் ஆடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். வீடுவரை வரும் ஜிபான் ஃபைபரில் தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. மாடியில் சுவிட்ச் வைத்து லான் கேபிள் இழுத்துத் தரும் இணைப்பு என்றால், அந்தச் சுவிட்ச் இருக்கும் வீட்டில் கரண்ட் போனாலே உங்கள் நெட்டும் போகும்.

பயாஸில் 'மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகு' என்ற அமைப்பைப் போட்டு, சர்வரைச் சிஸ்டம்டி சேவையாக (லினக்ஸ் தானாகத் தொடங்கும் நிரல்) அமைத்துவிட்டால் யாரும் எழுந்து போய் பட்டனை அழுத்த வேண்டாம்.

அப்லோடு பற்றி ஒரு வார்த்தை. 12 பேருக்கு ஆளுக்கு 1 எம்பிபிஎஸ் என்று தாராளமாக ஒதுக்கினாலும் 12 தான். ஃபைபர் இணைப்புக்கு இது சாதாரணம். ஆனால் வீட்டில் யாரோ ஒருவர் கல்யாண வீடியோவை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினால் ரூட்டரின் வரிசை நிரம்பி, எல்லோருடைய பிங்கும் (போய்வரும் தாமதம்) ஒரே நேரத்தில் பல மடங்கு ஏறும். வேகத்தை மேலே ஏற்றினால் இது தீராது. கேக் என்ற வரிசை ஒழுங்கு உள்ள, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஓடும் ரூட்டரில் அப்லோடு வரம்பை உண்மை வேகத்தின் 90 சதவீதத்தில் வைத்தால் தீரும். சர்வர் பெட்டிக்கு வைஃபை வேண்டாம், கேபிள்தான்.

வாடகை

வாடகை இரண்டு வகை. ஒன்று கேம் பேனல்: பணம் கட்டினால் டெரோடாக்டில் போன்ற ஒரு பக்கம் வரும், பட்டனை அழுத்தினால் சர்வர் ஓடும். ஒரே இயந்திரத்தில் எத்தனை பேரை அடைத்திருக்கிறார்கள் என்பதை நீங்கள் பார்க்க முடியாது. அதனால் ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாமல் இருப்பது நல்லது. மற்றது விபிஎஸ்: வெறும் லினக்ஸ் கையில் தருவார்கள், மீதி உங்கள் பாடு. அதில் டாப் கட்டளையைப் போட்டு 'எஸ்டி' என்ற எண்ணைப் பார்க்கலாம். உங்கள் செயலி நேரத்தில் எத்தனை சதவீதம் பக்கத்து வாடகைக்காரருக்குப் போகிறது என்பதை அது காட்டும். இரவு 9 மணிக்கு அது தொடர்ந்து 5-ஐத் தாண்டினால் அந்த இயந்திரத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுங்கள். வேறு இயந்திரத்தில் விழ வாய்ப்புண்டு.

இடம் முக்கியம். டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரு, அக்கமாயின் லினோடுக்குச் சென்னையும் மும்பையும், ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையும் ஹைதராபாத்தும் உண்டு. இந்தக் குழுவில் பத்துப் பேர் தெற்கே இருப்பதால் சென்னை அல்லது பெங்களூரு. சிங்கப்பூர்க்காரரைப் பற்றிக் கவலை வேண்டாம். 2002-இல் இருந்து ஓடும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னையையும் சிங்கப்பூரையும் நேராக இணைக்கிறது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும்; போய்வர 32 மில்லிநொடி. அதாவது ஒரு டிக்குக்கும் குறைவு. ஐரோப்பாவில் மலிவாகக் கிடைக்கும் சர்வரை எடுத்தால் 12 பேருக்குமே நூற்றுக்கு மேல் பிங் வரும். கட்டுமானத்துக்கு அது பரவாயில்லை, சண்டைக்கு ஆகாது.

இப்போது பணம். டிஜிட்டல் ஓஷனில் 8 ஜிபி சாதாரண டிராப்லெட் (விபிஎஸ்ஸுக்கு அவர்கள் வைத்த பெயர்) மாதம் 48 டாலர். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 56.64 டாலர், ஏறத்தாழ 5,100 ரூபாய். ஆளுக்கு 425. வீட்டுப் பக்கம்: மினி பிசி 16,000, யுபிஎஸ் 3,000, ஃபைபர் பெட்டிக்கான சின்ன டிசி யுபிஎஸ் 1,500 என்று வைத்தால் 20,500 ரூபாய் ஒருமுறைச் செலவு. மாதக் கரண்ட் 86 ரூபாய். இப்படி அருகருகே வைத்துப் பார்த்துத்தான் 'அஞ்சு மாசத்தில் போட்ட காசு வந்துடும்' என்று எல்லோரும் மினி பிசி வாங்கக் கிளம்புகிறார்கள்.

கணக்கு சரிதான். ஒப்பிட்ட பொருள்தான் சரியில்லை. மாதத்தில் 720 மணி நேரம், இவர்கள் ஆடுவது 120. டிராப்லெட்டின் கட்டணம் நேரக் கணக்கில் ஓடுகிறது: 48 டாலர் என்பது 672 மணி நேரத்தின் உச்சவரம்பு, மணிக்கு சுமார் 7 சென்ட். ஆடும் 120 மணிக்கு மட்டும் (முன்னும் பின்னும் ஓடும் சில நிமிடங்களைச் சேர்க்காமல்) 8.57 டாலர், வரியோடு 910 ரூபாய். உலகக் கோப்புகளை 20 ஜிபி தனி வால்யூமில் (கழற்றி மாட்டக்கூடிய டிஸ்க்) வைக்க 2 டாலர், வரியோடு 212 ரூபாய். ஆக 1,122 ரூபாய், ஆளுக்கு 94.

ஒரு நிபந்தனை. அணைத்து வைத்தால் மீட்டர் நிற்காது. அந்த ராமும் டிஸ்கும் உங்களுக்காக ஒதுக்கப்பட்டே கிடக்கும். அழிக்க வேண்டும். இரவு 7:50-க்கு ஒரு ஸ்கிரிப்ட் டிராப்லெட்டை உருவாக்கி, வால்யூமை மாட்டி, புது ஐபியை டக்டிஎன்எஸ்ஸில் (மாறும் ஐபிக்கு மாறாத பெயர் தரும் சேவை) எழுதி, சர்வரைத் தொடங்க வேண்டும். 12:15-க்கு இன்னொன்று சர்வரை ஒழுங்காக நிறுத்தி, வால்யூமைக் கழற்றி, டிராப்லெட்டை அழிக்க வேண்டும். நிறுத்தும் முன் அழித்தால் கடைசிச் சில நிமிட ஆட்டம் போய்விடும். அழிக்கும் ஸ்கிரிப்ட் பிழையாகி நின்றால் மாதம் முழுக்க மீட்டர் ஓடும். அதனால் பில்லிங் எச்சரிக்கையை 12 டாலரில் வைப்பது இந்த ஏற்பாட்டின் ஒரு உறுப்பு, அலங்காரம் இல்லை.

ஏடபிள்யூஎஸ்ஸில் இதே கணக்கைப் போடும்போது வெளிச்செல்லும் தரவை விட்டுவிடாதீர்கள். ஆளுக்குச் சராசரி 0.4 எம்பிபிஎஸ் என்றால் 12 பேருக்கு மணிக்கு 2.16 ஜிபி, மாதம் 259 ஜிபி. மாதம் 100 ஜிபி இலவசம் போக மும்பையில் ஜிபிக்கு 0.1093 டாலர் வீதம் 17 டாலர். சர்வர் வாடகைக்கு மேல் இது தனி.

வாசலை மட்டும் வாடகைக்கு எடுப்பது

வீட்டில் ஏற்கெனவே நல்ல பெட்டி இருக்கிறது, ஆனால் சிஜி-நாட். இங்கேதான் நடுவழி வருகிறது. டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற தனி நெட்வொர்க் அமைக்கும் மென்பொருளை 12 பேரும் நிறுவிக்கொண்டால் எதுவும் வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஆனால் 12 பேரையும் ஒன்றை நிறுவவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளேஇட் போன்ற சுரங்கச் சேவை இன்னும் சுலபம், பிங் அவர்களுடைய வழியைப் பொறுத்தது. கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பெங்களூரில் மாதம் 4 டாலர் டிராப்லெட் ஒன்று, வரியோடு 425 ரூபாய், 500 ஜிபி வெளிச்செல்லும் தரவோடு. 259 ஜிபி அதில் தாராளமாக அடங்கும்.

இரண்டு முனையிலும் வயர்கார்டு (இரு இயந்திரங்களுக்கு நடுவே சுரங்கம் போடும் மென்பொருள்). வெளிமுனையான டிராப்லெட்டுக்கு 10.0.0.1, வீட்டுக்கு 10.0.0.2, போர்ட் 51820 யுடிபி. இணைப்பை வீடுதான் முதலில் தொடுக்க வேண்டும். அதனால் சிஜி-நாட் தடையாகாது. வீட்டுப் பக்கம் கீப்அலைவ் 25 நொடி என்று எழுதாவிட்டால், யாரும் ஆடாத நேரத்தில் நிறுவனத்தின் நாட் பெட்டி அந்தத் தடத்தை மறந்துவிடும். மாலையில் முதலில் வருபவருக்குச் சர்வர் செத்ததுபோல் தெரியும். வெளிமுனையில் பாக்கெட் ஃபார்வர்டை இயக்கி, 25565 டிசிபியையும் 19132 யுடிபியையும் 10.0.0.2-க்குத் திருப்பி, மாஸ்கரேட் விதி (அனுப்புநர் முகவரிக்குப் பதில் தன் முகவரியைப் போடுவது) ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

இங்கே இரண்டு கண்ணி. மாஸ்கரேட் போட்டதும் வீட்டு சர்வருக்கு எல்லோரும் 10.0.0.1-இலிருந்து வருவதாகத்தான் தெரியும். குறும்பு செய்த ஒருவரை ஐபி தடையில் போட்டால் 12 பேரும் வெளியே நிற்பார்கள். அதனால் பெயர்த் தடை மட்டும். இல்லையென்றால் வெளிமுனையில் ஹெச்ஏபிராக்ஸி என்ற இடைநிலை நிரலை வைத்து, பேப்பரின் பொது அமைப்புக் கோப்பில் ப்ராக்ஸி-ப்ரோட்டோகால் வரியை இயக்க வேண்டும். இரண்டாவது: சர்வர் பட்டியலில் பச்சைக் கோடு தெரியும், உள்ளே நுழைந்தால் நிலம் ஏறாமல் நிற்கும். சின்ன பாக்கெட் போகிறது, பெரியது வழியில் விழுகிறது என்று பொருள். வயர்கார்டின் இயல்பான எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1420. பிபிபிஓஇ இணைப்பின் 1492-க்குள், ஐபிவி6 வழியே சுரங்கம் போனால் 80 பைட் கழிந்து 1412 தான் மிஞ்சும். இரு முனையிலும் 1412 என்று எழுதி, டிசிபி எம்எஸ்எஸ்ஸைச் சுருக்கும் விதியையும் போட்டால் நிலம் ஏறும்.

யார் உள்ளே வரலாம்

25565-ஐத் திறந்தால் அழைக்காதவர்களும் தட்டுவார்கள். இணையம் முழுக்க இந்தப் போர்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கும் ஸ்கேனர்கள் உண்டு. வைட்-லிஸ்ட்டும் (அனுமதிப் பட்டியல்) என்ஃபோர்ஸ்-வைட்லிஸ்ட்டும் ட்ரூ என்று இருந்தால் பெரும்பாலான தொல்லை தீரும், ஆன்லைன்-மோடு ட்ரூவாக இருக்கும்வரை. கணக்கு வாங்காத நண்பருக்காக அதை ஃபால்ஸ் ஆக்கினால் பெயரைச் சரிபார்க்க யாரும் இல்லை. உங்கள் அட்மின் பெயரை எவர் தட்டச்சு செய்து வந்தாலும் அவர்தான் அட்மின். 25575 ஆர்கான் (தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை இடும் வழி) போர்ட்டை வெளியே ஒருபோதும் திறக்க வேண்டாம்.

2021 டிசம்பரில், மைன்கிராஃப்ட் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது மைன்கிராஃப்ட் அரட்டையில் ஒரு வரி தட்டினாலே சர்வர் இயந்திரத்தில் வேறொருவரின் நிரல் ஓடும் என்ற நிலை இருந்தது. வாடகை இயந்திரத்தில் அது நடந்தால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். வீட்டில் நடந்தால் அதே நெட்வொர்க்கில் அப்பாவின் லேப்டாப்பும் சிசிடிவியும் இருக்கின்றன. சர்வர் பெட்டியை விருந்தினர் நெட்வொர்க்கிலோ தனி விலானிலோ (பிரித்து வைத்த உள்நெட்வொர்க்) வைப்பதற்குக் காரணம் இதுதான். முகவரி தெரிந்தால் தாக்கலாம் என்பதும் வெறும் பயம் அல்ல. 2016-இல் இணையத்தையே உலுக்கிய மிராய் பாட்நெட்டின் (கைப்பற்றப்பட்ட கருவிகளின் படை) பின்னால் மைன்கிராஃப்ட் சர்வர்களைத் தாக்கும் போட்டித் தொழில் இருந்தது. நண்பர்களுக்குள் ஆடும் சர்வரை யாரும் தேடிவந்து தாக்க மாட்டார்கள். பொதுவில் விளம்பரம் செய்து ஆள் சேர்க்கும் சர்வரை வீட்டு ஐபியில் வைக்கவே கூடாது.

இந்தக் குழுவுக்கு என்ன

புதிதாகப் பெட்டி வாங்கி வீட்டில் வைப்பது இவர்களுக்குக் கட்டாது. சிஜி-நாட் வீட்டில் கரண்ட் 86, வாசல் 425 சேர்த்து மாதம் 511 ரூபாய், நேர வாடகை 1,122. வித்தியாசம் 611. அந்த 20,500 திரும்பி வர இரண்டே முக்கால் ஆண்டு ஆகும். நண்பர் குழுவின் மைன்கிராஃப்ட் உலகம் பெரும்பாலும் எண்டர் டிராகன் செத்த சில வாரங்களில் ஆள் குறைந்து ஓய்ந்துவிடும். மினி பிசி அப்புறம் படம் பார்க்கப் பயன்படும். ஐ5 பெட்டி ஏற்கெனவே சும்மா கிடந்தாலோ, பகலிலும் பண்ணைகள் ஓட வேண்டும் என்று 24 மணி நேர உலகம் கேட்டாலோ கணக்கு அப்படியே திரும்பும். 5,100-க்கு எதிரே 511 நிற்கும்.

ஆகவே முதல் மூன்று மாதம் பெங்களூரில் நேர வாடகை. தொடக்கத்திலேயே ஒரு டொமைன் வாங்கி, அதில் மைன்கிராஃப்ட்டுக்கான எஸ்ஆர்வி பதிவு (சர்வர் எங்கே, எந்தப் போர்ட் என்று காட்டும் டிஎன்எஸ் வரி) போட்டு, டிடிஎல்லை (பழைய பதிலை நினைவில் வைக்கும் நேரம்) 300 நொடியில் வைத்துவிட வேண்டும். ஜாவாக்காரர்கள் அந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும், அது எங்கே போய் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. போன்காரர்கள் எஸ்ஆர்வி பார்ப்பதில்லை. அவர்களுக்கு அதே பெயரின் ஏ பதிவு (ஐபியை நேராகக் காட்டும் வரி).

நான்காவது மாதமும் ஆள் குறையாமல், பகல் ஆட்டம் வேண்டும் என்ற குரலும் எழுந்தால் வீட்டுக்கு மாற்றலாம். வேலை ஒரு மணி நேரம்தான். சர்வரை நிறுத்தி, நிற்கும்வரை லாக்கைப் பார்த்து, மூன்று உலக அடைவுகளையும் (நெதர், எண்ட் இரண்டும் பேப்பரில் தனித்தனி) பிளகின் அடைவையும் டார் கோப்பாக்கி இறக்குங்கள். வீட்டில் அதே பேப்பர் பதிப்பு, ஜாவா 21. பழைய பேப்பரில் ஏற்றினால் உலகம் திறக்காது, புதியதில் ஏற்றினால் பின்வாங்க முடியாது. ஃபார்வர்டு விதி எழுதி, மொபைல் டேட்டாவில் நுழைந்து பார்த்து, நெதர் வாசல் ஒன்றின் வழியே போய்வந்து, கிடங்குப் பெட்டிகளைத் திறந்து எண்ணிவிட்டு, கடைசியாக டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். வாடகைப் பக்கத்து வால்யூமை உடனே அழிக்க வேண்டாம். மாதம் 212 ரூபாய்க்கு ஒரு முழுப் பிரதி வேறு ஊரில் இருக்கிறது. வீட்டுப் பெட்டி தினமும் அதிகாலை 4 மணிக்கு சேவ்-ஆஃப், சேவ்-ஆல் ஃப்ளஷ், பிரதி, சேவ்-ஆன் என்று வரிசையாக எடுக்கும் காப்பு கெட்டுப்போகாமல் திறக்கிறது என்று ஒருமுறை வேறு கணினியில் ஏற்றிப் பார்க்கும்வரை அது இருக்கட்டும்.